தொட்டிக்கு ஒரு சாண் வெளியே

துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேர் முதலில் பூனையைத்தான் விசாரித்தார்கள்.

"மேஸ்திரி எங்கே? சாப்பிடுறாரா? பாவம், வாயில்லாத ஜீவன். அதுக்கு எப்படிச் சொல்லிப் புரிய வைக்கிறது?"

கணவரை இழந்த அவள் கையைப் பிடித்துக்கொண்டே கட்டிலுக்கு அடியில் எட்டிப் பார்த்தார்கள். அவளுக்கு வாய் இருந்தது. அதனால் அவளுக்கு எல்லாம் புரிந்திருக்கும் என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

மேஸ்திரி என்ற பெயர் அவள் கணவர் வைத்தது. அவர் டைல்ஸ் போடுகிறவர். வேலை நடந்துகொண்டிருந்த ஒரு கட்டடத்தில், சிமெண்ட் மூட்டைகளுக்குப் பின்னால் குட்டியாகக் கிடந்ததைச் சட்டைக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவர் முட்டி போட்டு வேலை செய்யும்போது அது எதிரில் உட்கார்ந்து வரிசை நேராக வருகிறதா என்று பார்ப்பதுபோலப் பார்க்கும். "கோணலாப் போச்சுன்னா மேஸ்திரி எழுந்து போயிடுவாரு" என்பார். மனைவியை ஒருமையில் கூப்பிட்ட மனிதர், பூனைக்குக் கடைசிவரை மரியாதை குறைத்துப் பேசியதில்லை.

அது கூடப் பரவாயில்லை. அவர் இறந்தது நாற்காலியில் உட்கார்ந்தபடி. அவள் காலை ஷிஃப்டுக்குக் கிளம்பியபோது தூங்கிக்கொண்டிருந்தார்; எழுப்ப வேண்டாம் என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டாள். பிறகு அவர் எழுந்திருக்கிறார், முகம் கழுவியிருக்கிறார், தங்கைக்கு ஃபோன் செய்து பேசியிருக்கிறார், நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். கதவைத் திறந்துகொண்டு வந்தவர்கள் பார்த்தபோது மேஸ்திரி அவர் மடியில் சுருண்டு படுத்திருந்தது. இறக்கிவிடப் போனவர்களைப் பார்த்துச் சீறியதாம்.

கடைசிப் பேச்சு நாத்தனாருக்குக் கிடைத்தது. கடைசி மடி பூனைக்குக் கிடைத்தது. கட்டிக்கொண்டவளுக்கு, போர்வைக்கு வெளியே தெரிந்த ஒரு பாதம்தான் மிச்சம். அன்று போர்வையை இழுத்துவிட்டு அதை மூடியவளும் அவள்தான்.

இதையெல்லாம் அவள் யாரிடமும் சொல்லவில்லை. பூனையின்மேல் பொறாமை என்று சொன்னால் யார் சிரிக்காமல் இருப்பார்கள்?

அவர் இறந்த பிறகுதான் பூனை, அதற்கென்று மண் நிரப்பி வைத்த தொட்டிக்கு வெளியே மூத்திரம் போக ஆரம்பித்தது.

தூரத்தில் எங்கோ போயிருந்தால் அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது. மண் தொட்டிக்கு ஒரு சாண் தள்ளி, அளவெடுத்ததுபோல ஒரே இடத்தில். மண்ணை மட்டும் நன்றாகக் கிளறி வைத்திருக்கும். விருந்தாளி வந்து கை கழுவிவிட்டுச் சாப்பிடாமல் போனதுபோல. நின்று பார்த்துப் பிடித்துவிடலாம் என்றால் அவள் தலை தெரிந்தால் போகாது. ஈரத்தை மட்டும் வைத்துவிட்டுச் சன்னல் திண்டில் ஏறாமல், ஏற மனமில்லாததுபோல, அதன் கீழே உட்கார்ந்திருக்கும்.

அந்தத் தரை அவர் போட்டது. துணி துவைக்கும் அந்தச் சின்ன இடத்துக்கு, வேலை செய்த வீடுகளில் மிஞ்சிய டைல்ஸையெல்லாம் கொண்டுவந்து, ஒன்றுக்கொன்று நிறம் சேராமல், ஆனால் மயிரிழை பிசகாமல் பதித்திருந்தார். பூனையின் மூத்திரம் அந்த இடுக்குகளில் இறங்கியது. மேலே துடைத்தால் போகும். இடுக்கில் இறங்கினது போகாது. அவள் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க அவர் பூசியிருந்த வெள்ளைப் பூச்சு பொடிப்பொடியாகக் கையோடு வந்தது. அவருடைய கைவேலையை ஒருத்தர் நனைக்க, இன்னொருத்தி சுரண்டியெடுத்துக்கொண்டிருந்தாள்.

இத்தனைக்கும் கறை எடுப்பதுதான் அவள் பிழைப்பு. பெரிய ஹோட்டல் ஒன்றின் சலவை அறையில் வேலை. எந்தப் படுக்கை விரிப்பில் என்ன கொட்டியிருக்கிறது என்று மடிப்பைப் பிரிக்காமலேயே மூக்கால் சொல்லிவிடுவாள்.

"அதுக்குக் கோபம்" என்றாள் கூட வேலை செய்கிற இஸ்திரிக்கார அக்கா. "அவரு எங்கேன்னு கேக்குது. நீ பதில் சொல்லலை. அதான் இப்படிச் செய்யுது."

"பதில் சொன்னா உள்ள போகுமாக்கா?"

"யாருக்குத் தெரியும்? எங்க வீட்டுல ரெண்டு கால்ல நடக்குற பூனை ஒண்ணு இருக்கு. முப்பது வருஷமா வெளியிலதான் போகுது. அதுக்கு என்ன துக்கமோ, இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியலை."

அவள் சிரித்துவிட்டாள். அவர் போன பிறகு சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரித்த கையோடு, வீட்டில் பூனை சிரிக்காமல் துக்கம் காத்துக்கொண்டிருக்கும் என்ற நினைப்பு வந்து வாயை மூடிக்கொண்டாள். அதிலும் அதுவே முந்திக்கொண்டது.

தொட்டி விஷயத்தில் தொடக்கம் நாத்தனாருடையது. அவர் இருந்தவரை பூனை போனது அவர் சிமெண்ட் குழைக்கிற பழைய கலவைத் தட்டில். அவருடைய சாமான்களைக் கூட வேலை செய்தவர்கள் எடுத்துக்கொண்டு போனபோது அதுவும் சேர்ந்து போய்விட்டது. மறுநாளே நாத்தனார் ஒரு புதுத் தொட்டியோடு வந்து நின்றாள். நீல நிறம், முழங்கால் உயரம்.

"அண்ணன் பூனைக்கு நான் வாங்கித் தராம யாரு வாங்கித் தருவாங்க அண்ணி?"

அந்த 'அண்ணன் பூனை' அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. பூனை அந்தத் தொட்டிக்கு வெளியே போனதும், அவளுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்ததும் உண்மை. நீலத்தொட்டியைக் கழுவி மூலையில் சாய்த்துவிட்டு, அதைவிட உயரமாக, விளிம்பு வைத்து, கடைக்காரர் "இதுக்கு மேல பூனைக்கு நீங்க வீடுதான் கட்டணும்" என்று சொன்ன தொட்டி ஒன்றை வாங்கி வைத்தாள். அதற்கும் வெளியேதான் போனது. கேள்விப்பட்ட நாத்தனார், கூரையும் வாசலும் வைத்த ஒன்றைத் தன் வீட்டில் வாங்கி வைத்துக்கொண்டு, "சும்மா, வந்தா போனா இருக்கட்டுமேன்னு" என்றாள்.

ஹோட்டலில் ஏதோ மாநாடு. அறைகள் நிரம்பி, சலவை அறையில் இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்க்கவேண்டி வந்தது. பூனையை நாத்தனார் தூக்கிக்கொண்டு போனாள். போன அன்று சாயங்காலமே ஃபோன்.

"அண்ணி, தங்கம் மாதிரி இருக்காரு. ஒரு சொட்டு வெளியில போகலை. கதவைத் திறந்து உள்ள போயி, வேலையை முடிச்சுட்டு, மண்ணை மூடிட்டு வராரு. பாத்தாலே கண்ணு நிறையுது."

அடுத்த நாளும் அதையே சொன்னாள். அதற்கடுத்த நாள் குரலை இறக்கிக்கொண்டு, "தப்பா எடுத்துக்காதீங்க. அது இங்கயே இருந்துடட்டுமே. எங்க ரத்த வாசனை அதுக்குத் தெரியுது போல. அண்ணன் கை மாதிரிதான் எனக்கும் கைன்னு எல்லாரும் சொல்லுவாங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள யோசிச்சுச் சொல்லுங்க, அதோட சாப்பாட்டுத் தட்டை வந்து எடுத்துக்கறேன்" என்றாள்.

அவள் ஃபோனை வைத்துவிட்டு வெகுநேரம் விரிப்புகளை மடித்துக்கொண்டே இருந்தாள். காய்ந்தவை, காயாதவை என்று பார்க்காமல் மடித்தாள். பூனையை அவளுக்குப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. அது அவள் மடியில் ஒரு நாளும் ஏறியதில்லை. ஆனால் அவருடைய கடைசி மூச்சைப் பக்கத்தில் இருந்து கேட்டது அது ஒன்றுதான். அதைக் கொடுத்துவிட்டால் அந்த நேரமும் நாத்தனார் வீட்டுக்குப் போய்விடும். ஃபோனும் அவளுக்கு, மடியும் அவளுக்கு. அப்புறம் தான் யார்? அந்த வீட்டில் கூடத் தங்கியிருந்தவளா?

சனிக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போனாள். கையில் கொஞ்சம் மீன். பூனைக்கு என்று ஒரு சாக்கு.

நாத்தனார் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி வைத்திருந்தாள். வாசலில் சிவப்பு 'எல்' பலகை மாட்டிய கார் நின்றது. கதவைத் திறந்தவள் முகத்தில் சிரிப்பு வருவதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"அண்ணி! சொல்லியிருந்தா நானே வண்டியில வந்திருப்பேனே."

அவள் மூக்கு அதற்குள் உள்ளே போய்விட்டது. ரோஜா வாசனை, அதற்கடியில் எலுமிச்சை வாசனை, அதற்கும் அடியில் அவளுக்கு நன்றாகத் தெரிந்த வாசனை. மனசுக்குள் ஒரு கதவு தடாலென்று திறந்தது. சந்தோஷம் என்றுதான் அதைச் சொல்லவேண்டும்.

"எத்தனை ஊதுவத்திம்மா ஏத்தியிருக்க?"

"கொசு அண்ணி."

"அந்தக் கால் மிதி புதுசா?"

பின்கட்டில், கூரை வைத்த தொட்டியின் வாசலுக்கு முன்னால் கனத்த கால் மிதி ஒன்று கிடந்தது. குனிந்து ஒரு முனையைத் தூக்கினாள். அடியில் இன்னொன்று. அதற்கும் அடியில் நேற்றைய செய்தித்தாள், மஞ்சளாகச் சுருங்கி.

"தங்கம்" என்றாள் அவள். "சொக்கத் தங்கம்."

நாத்தனார் சுவரில் சாய்ந்துகொண்டாள். "முதல் நாள்லேர்ந்தே அப்படித்தான்" என்றாள். "உங்க கிட்ட மட்டும்தான் கோவிச்சுக்குது, என் கிட்ட ஒழுங்கா இருக்குன்னு இருக்கணும்னு நினைச்சேன். அது ஒத்துக்கலை. நான் என்ன பண்ணட்டும்?"

சரியான பதில் நாலைந்து நாக்கு நுனியில் வரிசையாக வந்து நின்றன. எதையும் சொல்லவேண்டி வரவில்லை. அந்த நேரம் பார்த்து மேஸ்திரி உள்ளேயிருந்து மெல்ல நடந்து வந்தது. இருவரும் கதவுக்குப் பின்னால் ஒதுங்கி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள்.

பூனை தொட்டி வாசலை மோந்தது. முன்னங்கால் ஒன்றை உள்ளே வைத்தது. இன்னொன்றை வைத்தது. மண்ணை மும்முரமாகக் கிளறியது. பின்னங்காலைத் தூக்கப் பார்த்தது. பாதி தூக்கி, நடுங்கி, இறக்கிக்கொண்டது. மறுபடி தூக்கவில்லை. தலையும் தோளும் உள்ளே, இடுப்பும் வாலும் வெளியே. அப்படியே கண்களைப் பாதி மூடி, ரொம்ப ஒழுங்கான முகத்தோடு, கால் மிதிமேல் காரியத்தை முடித்தது. முடித்துவிட்டு உள்ளே இருந்த காய்ந்த மண்ணை இழுத்து இழுத்து மூடியது.

"அடப்பாவி" என்றாள் நாத்தனார். "உள்ள இருக்கறதா நினைச்சுக்கிட்டிருக்கு."

பயிற்சிக் காரிலேயே டாக்டரிடம் போனார்கள். டாக்டர் பூனையின் இடுப்பை அழுத்தினார். அது அவர் கையைக் கடிக்கப் பார்த்தது. மூத்திரத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டு அதில் கோளாறு எதுவும் இல்லை என்றார்.

"இடுப்பு மூட்டு தேஞ்சு போச்சும்மா, வயசாயிடுச்சு இல்லையா. உயரத்தைத் தாண்டிப் பின்னங்காலை வைக்க முடியலை. விளிம்பு தாழ்வா ஒரு தட்டு வைங்க, போதும். யாரு இவ்வளவு உசரமா வாங்கிக் கொடுத்தது?"

இருவரும் சுவரில் மாட்டியிருந்த நாய்ப் படத்தைப் பார்த்தார்கள்.

"துக்கத்துல இப்படிப் பண்றதுன்னு இல்லையா டாக்டர்?" என்று கேட்டாள் நாத்தனார். "இதை வளர்த்தவரு போயிட்டாரு."

"இருக்கலாம். ஆனா இது வலி. இன்னொண்ணு, அந்த வீடு இந்த வீடுன்னு தூக்கிட்டு அலையாதீங்க. ஒரே இடத்துல வைங்க. அது யாரு வீடுன்னு நீங்களே பேசி முடிவு பண்ணிக்குங்க."

வெளியே வரும்போது அவளுக்கு நடை இலேசாக இருந்தது. இத்தனை நாளும் பூனை அவருக்காகத் தரையில் அழுதுகொண்டிருக்கிறது, தான்தான் சலவை அறையில் நின்று விரிப்பு மடித்துக்கொண்டிருக்கிறோம் என்று குமைந்திருந்தாள். அழுகையும் இல்லை, ஒன்றும் இல்லை. மூட்டு வலி. அதனுடைய துக்கம் தன்னுடையதைவிடப் பெரிதில்லை. இதில் சந்தோஷப்படலாமா என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை. சந்தோஷமாக இருந்தது, அவ்வளவுதான்.

காரில் அவள் முன் சீட்டில், பூனைக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அது பாடம் சொல்லித் தருகிறவர் உட்காரும் இடம். அந்தப் பக்கமும் ஒரு பிரேக் உண்டு.

"காலை ஒதுக்கி வச்சுக்குங்க அண்ணி. தெரியாம மிதிச்சுடப் போறீங்க."

நாற்சந்தி வந்தது. இடது பக்கம் திரும்பினால் அவள் வீடு, வலது பக்கம் நாத்தனார் வீடு. நாத்தனார் வலது பக்கத்துக்கு விளக்கைப் போட்டாள். டக், டக், டக் என்று அது அடித்துக்கொண்டது. வண்டி திரும்ப ஆரம்பித்தது.

அவள் மிதித்தாள். தெரியாமல் இல்லை.

கார் குலுங்கி நடுச்சந்தியில் நின்றது. கூடைக்குள் மேஸ்திரி கத்தியது. பின்னாலிருந்து ஹார்ன்கள் கிளம்பின. யாரோ ஒருவர் சன்னல் வழியாகத் தலையை நீட்டி, "முதல் நாளே நடுரோட்டுக்கா கூட்டிட்டு வருவீங்க?" என்று சத்தம் போட்டார்.

"காலை எடுங்க அண்ணி."

"மாட்டேன்."

"என்ன விளையாட்டு இது? எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். உனக்கு ஃபோன் கிடைச்சுது. இதுக்கு மடி கிடைச்சுது. எனக்கு என்ன கிடைச்சுது சொல்லு. தூங்கட்டும்னு செருப்பைக் கையில தூக்கிட்டுப் போனேன். ஒரு வார்த்தை கிடையாது. வீட்டுக்கு வந்தா எல்லாரும் உன் கிட்ட கேக்குறாங்க, கடைசியா என்ன பேசினாருன்னு. நான் பக்கத்துல நின்னு தண்ணி எடுத்துக் கொடுத்தேன். அவரு என் புருஷன்."

நாத்தனார் இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கில் வைத்தபடி இருந்தாள். பின்னால் ஹார்ன் நிற்கவில்லை.

"நீங்க ஒரு தடவைகூட என்னைக் கேக்கலையே அண்ணி, என்ன பேசினாருன்னு."

"கேக்க மாட்டேன்."

"கேக்காட்டிப் போங்க, நானே சொல்றேன். டீ குடிச்சியான்னு கேட்டாரு. குடிச்சேன்னேன். வண்டிக்கு டயர் மாத்திட்டியான்னாரு. இல்லைன்னேன். நான் என் கஷ்டத்தைச் சொல்ல ஆரம்பிச்சேன். பாதியில, 'இரு, மேஸ்திரி மடியில ஏறிட்டாரு, அப்புறம் பேசறேன்'னு வச்சுட்டாரு. எனக்குக் கோபமான கோபம். தங்கச்சி பேசிட்டிருக்கா, பூனை வந்துச்சுன்னு வச்சா என்ன அர்த்தம்? அவ்வளவுதான் அண்ணி. அப்புறம் பேசவே இல்லை." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "இதைப் பாத்தா எனக்குப் பத்திக்கிட்டு வருது. ஆனா என்னை விட்டுட்டு இதுகிட்டதானே போனாரு. அதான் இது என் கிட்ட இருக்கட்டும்னு கேட்டேன்."

கூடைக்குள் எதிராளி உடம்பை நக்கிக்கொண்டிருந்தது.

அவள் மெதுவாகக் காலை எடுத்தாள். நாத்தனார் வலது பக்க விளக்கை அணைத்து, இடது பக்கத்துக்குப் போட்டாள்.

"ஞாயித்துக்கிழமையானா வருவேன்" என்றாள். "வேண்டாம்னு சொல்லக் கூடாது."

"வா."

விளிம்பு தாழ்ந்த தட்டு வந்தது. பூனை நாலு கால்களோடும் உள்ளே இறங்கி நின்று போனது. தரை காய்ந்தது. இடுக்குகளில் உதிர்ந்த பூச்சு உதிர்ந்ததுதான். அவள் அதை வேறு யாரையும் விட்டுப் பூசச் சொல்லவில்லை.

நாத்தனார் சொன்னபடி ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தாள். உட்கார்ந்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் மேஸ்திரி தத்தித் தத்திப் போய் அவள் காலடியில் நிற்கும். அவள் தூக்கி மடியில் வைத்துக்கொள்வாள். சோறு போடுகிறவள், தட்டு கழுவுகிறவள், மருந்தை மீனுக்குள் மறைத்து ஊட்டுகிறவள் அடுப்படியில் நின்று பார்ப்பாள். அன்றைக்கெல்லாம் பாத்திரங்கள் கொஞ்சம் அதிகமாகச் சத்தம் போடும்.

"அண்ணி, பொறாமையா?"

"ஆமா. இறக்கி விடு, அதுக்கு இடுப்பு வலிக்கும்."

"அதுக்கு வலிக்குமா, உங்களுக்கா?"

டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்காருவாள். பூனையைப் பார்க்காமல், வேறெங்கோ பார்த்துக்கொண்டு கேட்பாள்: "அன்னைக்கு ஃபோன்ல என்ன சொன்னாரு?"

நாத்தனார் சொல்வாள். டீ, டயர், மேஸ்திரி மடியில் ஏறியது. முதலில் அவ்வளவுதான் இருந்தது. வாரங்கள் போகப் போக அந்தப் பேச்சு நீள ஆரம்பித்தது. ஒரு வாரம் அவர் இருமினார். ஒரு வாரம் மழை வரும்போலிருக்கிறது என்றார். இன்னொரு வாரம் யாரையோ கேலி செய்து சிரித்தார். அவள் குறுக்கே பேசுவதில்லை. கூட்டிச் சொல்வதற்குக்கூட இவளுக்குத்தான் கொடுத்துவைத்திருக்கிறது என்று வயிறு எரியும், ஆனாலும் கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, டயருக்கும் பூனைக்கும் நடுவில், நாத்தனார் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்: "உங்களைப் பத்திக்கூடச் சொன்னாரு அண்ணி."

"என்னைப் பத்தியா?"

"'இரு, உங்க அண்ணி உள்ள ஏதோ வேலையா இருக்கா, அப்புறம் கூப்பிட்டுத் தரேன்'னாரு."

அந்த நேரத்தில் அவள் வீட்டில் இல்லை. சலவை அறையில் முதல் விரிப்பை உதறிக்கொண்டிருந்தாள். அவருக்கு அது தெரியும். எதிரே உட்கார்ந்திருந்தவளுக்கும் தெரியும்.

அவள் தம்ளரைக் கீழே வைத்தாள்.

"அப்புறம்?" என்றாள்.